பந்தியில் இருந்த சாட்சி

"துப்பாக்கி இரவலுக்குக் கிடைக்குமா சார்?"

கடையம் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கும் அபிநயா, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைக் கேட்டாள். தென்காசி நீதிமன்றத்துக்கு எதிரே இருபத்தைந்து வருஷமாக வக்கீல் கடை விரித்திருக்கிறேன். பட்டா மாற்ற வருவார்கள், வாரிசுச் சான்றிதழுக்கு வருவார்கள், கட்டிய மூன்றாம் மாதமே தாலியைக் கழற்ற வழி கேட்டும் வருவார்கள். சீனி வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்கிற அதே குரலில் ஒரு பெண் துப்பாக்கி கேட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்கும்மா?"

"ரஞ்சித்துக்கு ஜாமீன் கிடைச்சிட்டுல்லா."

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரஞ்சித் கல்குவாரிக்காரன். அவனுடைய லாரிகளுக்கு ஓட்டுநர் கிடையாது. தாமாகவே ஓடும், ஆடு குறுக்கே வந்தால்கூடத் தாமாகவே நிற்கும். அப்படிப்பட்ட ஒரு லாரிதான், குவாரி எல்லையைத் தாண்டித் தோண்டுகிறது என்று அறிக்கை அனுப்பிய கிராம நிர்வாக அலுவலர் சங்கரபாண்டியன்மேல் பட்டப்பகலில் ஏறி இறங்கியது. இயந்திரக் கோளாறு என்றது குவாரி. ஆனால் அந்த லாரிகளைத் தூரத்தில் நின்றபடி ஆள் ஓட்டவும் கையடக்கமாக ஒரு சின்னக் கருவி உண்டு. அந்தக் கருவியோடு ரஞ்சித் புளியமரத்தடியில் நின்றதை, எதிரே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஏழு பேர் பார்த்தார்கள். ஆறு பேருக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஏழாவது ஆள் அபிநயா. சங்கரபாண்டியனின் மனைவி சார்பில் நான் அந்த வழக்கில் அரசு வக்கீலுக்கு உதவியாக இருந்தேன். வழக்கு என்று பெரிதாகச் சொல்கிறேன். எங்களிடம் இருந்தது இந்தப் பெண்ணின் இரண்டு கண்கள் மட்டும்தான்.

அவள் புருஷன் ஷார்ஜாவில். வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. ஐந்து வயதில் நிலா என்று ஒரு மகள். பாதுகாப்பு வேண்டுமென்று நான் கொடுத்த மனுவுக்கு, தினமும் காலையில் ஒரு போலீஸ்காரர் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் வருகிற நேரம் ஊருக்கே தெரியும்.

"சொந்தமா லைசென்ஸ் கேட்டு எழுதிப் போடலாம். அது வாரதுக்குள்ள உன் மக ஹைஸ்கூல் முடிச்சிருவா" என்றேன்.

"அதான் இரவல் கேக்கேன். இப்பல்லாம் குடுக்கலாமாமே?"

"குடுக்கலாம். துப்பாக்கிய லைசென்ஸ்காரர்தான் தொடணும், வேற ஆள் தொட்டா அவரு கூடவே இருக்கணும், இது பழைய சட்டம். கூடவே இருக்கதுன்னா என்னன்னு ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு கேஸ் வந்துச்சு. அதுல இருந்துதான் இந்தப் பட்டை."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டுகிற தோல் நிறத்துப் பட்டை, அவ்வளவுதான்.

"ரெண்டு பட்டை இருக்கும். ஒண்ணு உன் கையில, ஒண்ணு அவரு கையில. மாட்டியிருக்க இடத்துல இருந்து துப்பாக்கிய நீ எடுத்த உடனே ரெண்டும் வேலை செய்ய ஆரம்பிக்கும். உன் கையில என்ன படுதோ அது அவரு கையிலயும் படும். சூடு, வேர்வை, நடுக்கம், எல்லாம். நீ இருக்க இடத்துல பேசுறது அவரு காதுல கேக்கும். அவரு சொல்லுறது உனக்குக் கேக்கும். ஆனா பூட்டு அவருகிட்ட. அவரு கைய மூடுனாத்தான் விசை நகரும்."

"மூடலன்னா?"

"உன் கையில இருக்கது உலக்கை."

அவள் சிரிக்கவில்லை. பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடக்கதைத் தெரிஞ்சிக்கிடவும் தடுக்கவும் ஒரு ஆளால முடியும்னா, அந்த ஆள் அங்கதான் இருக்காருன்னு தீர்ப்பு. உடம்பு எங்க உக்காந்திருந்தாலும் சரி. அதனால சுட்டா பொறுப்பும் ரெண்டு பேருக்கும் சரிபாதி."

"இது எல்லாத்தையும் பதிவு பண்ணுமா?"

"பண்ணாது. ஒருத்தர் வீட்டுக்குள்ள பேசுறதைப் பதியக் கூடாதுன்னு அதே தீர்ப்புல இருக்கு. எப்ப எடுத்தே, அவரு கை மூடுச்சா இல்லையா, அந்த நேரம் மட்டும் இருக்கும்."

"அவன் என் வீட்டுக்குள்ள வந்துட்டா சுடலாமா?"

"வந்தான்ங்கிறதுக்காகச் சுட முடியாது. உன் உயிருக்கோ பிள்ளை உயிருக்கோ அந்த நிமிஷம் ஆபத்து இருக்கணும்."

"அந்த நிமிஷம்தானான்னு யாரு சார் பாத்துச் சொல்லுவா?"

நல்ல கேள்வி. பிறகு ஒரு நீதிபதி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார் என்பதுதான் உண்மையான பதில். அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துப்பாக்கிக்கு ஆள் பார்க்கிறேன் என்றேன்.

எங்கள் தாலுகாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நாற்பத்தோரு பேர். பாதிப் பேர் பெருமைக்கு வைத்திருப்பவர்கள். மீதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்து வங்கிக் காவலுக்குப் போனவர்கள். சேர்மத்துரை இரண்டாவது வகை. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு வங்கி வாசலில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். மழைக்காலத்தில் வாடிக்கையாளர்கள் அவரிடம் குடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள், செக் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "எங்க அப்பா செத்தப்ப, இறப்புச் சான்றிதழை அந்தச் சங்கரபாண்டியன் வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு சார். காபி கூடக் குடிக்கல. பத்திரத்தைக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன்."

அவர் மனைவி மாரிச்செல்விதான் யோசித்தார். "ஏங்க, ராவும் பகலும் ஊரான் பொண்டாட்டி கை உங்க கைக்குள்ள இருக்குமா? நல்லாருக்கே கதை!"

"துப்பாக்கிய எடுத்தாத்தான்ட்டி."

"அவ எடுக்கமாட்டாளாக்கும்!"

எடுத்தாள். முதல் வாரத்தில் நாளுக்கு எட்டுத் தடவை எடுத்தாள். தென்னை மட்டை விழுந்தால், கீரி ஓடினால், கேஸ் சிலிண்டர்காரன் மணி அடித்தால் எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சேர்மத்துரையின் இடது உள்ளங்கையில் ஒரு வேர்த்த கை வந்து ஒட்டும். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு நிற்பார். "என்னம்மா?" என்பார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, நாயி" என்று பதில் வரும். பட்டை கட்டியிருக்கும் வரை தண்ணி அடிக்கக் கூடாது, தூக்க மாத்திரை கூடாது, சினிமாக் கொட்டகைக்குள்கூடப் போகக் கூடாது. "ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் கை குடுக்க முடியுது, எனக்கு ஒரு தேங்காய் உரிச்சுத் தர கை இல்ல" என்று மாரிச்செல்வி புலம்பாத நாள் இல்லை.

ஆனால் மாரிச்செல்வியின் மனசு பிறகு மாறியது. ஒரு காலையில் சேர்மத்துரை காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது பட்டை துடித்தது. என்ன ஏது என்று கேட்டும் அந்தப் பக்கம் பதில் இல்லை, அழுகைதான் கேட்டது. காரணம் எதுவும் கிடையாது, சும்மா விடிந்திருக்கிறது, அவளுக்கு அழுகை வந்திருக்கிறது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாரிச்செல்வி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் கையை அவருடைய உள்ளங்கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாராம். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த அபிநயாவுக்கு அது இன்னொரு ஆளின் கை என்று உடனே தெரிந்துவிட்டது. அன்று முதல் அவள் அவரை மதினி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அன்று முதல் துப்பாக்கியை அநாவசியமாக எடுப்பதும் குறைந்தது. இரண்டு பேரும் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் எழுதிய பத்திரங்களில் இப்படி ஒன்று அமைவது அபூர்வம்.

ரஞ்சித் வந்தது ஆவணி மாசத்து முகூர்த்த நாளில். பகல் ஒன்றரை மணி.

அன்று நடந்ததை அபிநயாவும் சேர்மத்துரையும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. சேர்மத்துரை பாவூர்சத்திரத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலையில் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். அபிநயா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, நிலா முற்றத்தில் கட்டம் கீறித் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். கார் வந்து நின்றது. ரஞ்சித் தனியாக இறங்கினான். அவன் கையில் கத்தி இல்லை, கம்பு இல்லை, ஒரு லட்டு டப்பா இருந்தது.

சட்டம் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமா என்ன? அவனுக்கும் ஒரு வக்கீல் இருந்தார். வெறுங்கையோடு போ, மரியாதையாகப் பேசு, அவள் சுட்டால் அது கொலை என்று யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அபிநயா உள்ளே ஓடித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவன் நிலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைய இறக்கி விடு!"

"ஏன்க்கா கத்துறிய? மாமா லட்டு கொண்டாந்திருக்கேன். இந்தா பாப்பா." நிலா லட்டை வாங்கிக்கொண்டு சிரித்தது. "அந்த வி.ஏ.ஓ.வுக்கும் இந்த வயசுல ஒரு பொண்ணு உண்டுல்லா? பாவம். வண்டி தானா நிக்கும்க்கா. அது நிக்கத்தான் பாத்துச்சு. நான்தான் நிக்காதன்னு அமுக்குனேன். ஒரே அமுக்கு. உங்க கண்ணு முன்னாலதான. நீங்க கோர்ட்டுல அதச் சொல்லப் போறியளாமே? பாப்பா எந்த ஸ்கூலு? வேன்ல போகுதா, நடந்து போகுதா? ரோட்டுல நம்ம வண்டி நெறைய ஓடுது, பாத்து அனுப்புங்க."

துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். பதினைந்து அடி இருக்கும்.

"அண்ணாச்சி! கைய மூடுங்க!"

பந்தியில் சேர்மத்துரை எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து இலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கைக்குள் அவள் கை தண்ணீரில் விழுந்த கோழிக்குஞ்சாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி! கேக்குதா? மூடுங்க! மூடுங்களேன்!"

அவர் கையை மூடவில்லை. ஐந்து விரலையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் குரல் வந்த இடத்திலிருந்தே குழந்தையின் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

ரஞ்சித் குழந்தையை இறக்கிவிட்டு, டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

மறுநாள் அபிநயா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். பட்டையை அவிழ்த்துப் பக்கத்தில் போட்டாள். சேர்மத்துரையும் நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை அவன் நெஞ்சோட இருந்துச்சும்மா" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதா? நான் பெத்த பிள்ளை. பாத்துத்தான் நீட்டுனேன்."

"அதுல உள்ள தோட்டாவுக்குப் பாக்கத் தெரியாதே. ஒத்தக் குண்டா போகாது, உள்ள இருக்க ரவையெல்லாம் சிதறும்."

"நான் உங்கள நம்பித்தான இருந்தேன் அண்ணாச்சி! ஒரு மாசமா உங்க கையப் பிடிச்சுக்கிட்டுத்தான கெடந்தேன்! கூப்பிட்டப்ப இல்லியே!" என்று அவரிடம் கத்தினாள். என் பக்கம் திரும்பி, "சார், நான் ஒண்ணும் பாக்கல. புளியமரத்தடியில யாரும் நிக்கல. என்ன விட்டுருங்க" என்றாள்.

யாரைக் குறை சொல்வது? நான் அவளைத் தடுக்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய தேதியில் அவளுக்காக மருத்துவச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. இந்தச் சாட்சி வேண்டாம் என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்தது. சங்கரபாண்டியனின் மனைவி நீதிமன்ற வராந்தாவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கு செத்துவிட்டது என்று அவரிடம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அது தோன்றியது. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். சுட்டிருந்தால் சேர்மத்துரை அங்கே இருந்ததாகத்தானே சட்டம் சொல்லியிருக்கும்? பாதிப் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்குமே? குற்றத்துக்கு அங்கே இருந்தவர், சாட்சிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போவார்? நான்தான் அமுக்கினேன் என்று ரஞ்சித் தன் வாயால் சொன்னபோது அவர் அந்த முற்றத்தில் இருந்தார். சட்டப்படி இருந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் கேவலமாக இருக்கும். ஒரு பெண் பயந்து ஒடுங்கிப்போய்க் கிடக்கிறாள், எனக்கோ புது வாதம் கிடைத்துவிட்டது என்று கை பரபரத்தது. அன்று காலையே சேர்மத்துரை வீட்டுக்குப் போனேன்.

"சொல்லணும்னா சொல்லுதேன். கேட்டதத்தான சொல்லப் போறேன்" என்றார் அவர்.

மாரிச்செல்வி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "துப்பாக்கி வேணும்னிய, குடுத்தோம். இப்ப ஆளும் வேணுமா?"

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சியை ஏற்கவே கூடாது என்று எழுந்தார். அந்த ஆட்சேபனைக்காக மட்டும் சேர்மத்துரையைச் சில கேள்விகள் கேட்க நீதிபதி அனுமதித்தார்.

"அன்னைக்கு ஒன்றரை மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பாவூர்சத்திரத்துல. காதுகுத்து வீட்டுல."

"என்ன செஞ்சுகிட்டிருந்தீங்க?"

"சாப்ட்டுக்கிட்டு இருந்தேன்."

"பாயசம் நல்லா இருந்துச்சா?"

நீதிமன்றம் சிரித்தது. சேர்மத்துரை சிரிக்கவில்லை. "பாயசம் வாரதுக்குள்ள எந்திரிச்சிட்டேன் ஐயா. அதுக்குப் பொறவு உக்கார முடியல."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுந்து என் வாதத்தைச் சொன்னேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் இவரைக் கொலைகாரர் என்று தண்டிக்கத் தயாராக இருக்கும் சட்டம், இவரைச் சாட்சி என்று நம்ப மறுக்க முடியாது என்றேன். நீதிபதி மறுநாள் உத்தரவு போட்டார். சேர்மத்துரை சம்பவ இடத்தில் இருந்தவர்தான், அவர் கேட்டது நேரில் கேட்டதுதான். பட்டையும் துப்பாக்கியும் வழக்குப் பொருள்களாக நீதிமன்றத்தில் இருக்கட்டும்.

அன்றே சேர்மத்துரை கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். நிலாவின் சிரிப்பு எங்கிருந்து கேட்டது, தோட்டா எப்படிச் சிதறும், தான் ஏன் கையை மூடவில்லை, எல்லாம். குறுக்கு விசாரணை பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனது. மாலையில் நான்கு வக்கீல்கள் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அந்தக் கனம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஏழாம் தேதி காலை சேர்மத்துரை என் அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாகச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு வருகிற மனுஷர். அன்று சட்டை வெளியே தொங்கியது.

"வீட்டு வாசல்ல லட்டு டப்பா வச்சிட்டுப் போயிருக்கான் சார். எனக்கு ஒரு துப்பாக்கி இரவல் வேணுமே."

குறுக்கு விசாரணை முடியாத சாட்சியம் பாதிச் சாட்சியம். அதற்குள் சாட்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் சொன்ன அத்தனையும் வெறும் காகிதம். ரஞ்சித்தின் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி நான் போட்ட மனு வரிசையில் நின்றது. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். எங்கள் சாட்சி அவர் ஒருவர்தான். அவருடைய துப்பாக்கியோ நீதிமன்றப் பீரோவில் சீல் வைத்துத் தூங்கியது. அதைச் சீல் வைக்க வைத்தவன் நான்.

லைசென்ஸ்காரர்கள் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். அவரை வெளியே உட்காரச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன மாசம்னா குடுத்திருப்பேன் சார். இப்ப இரவல் குடுக்கவன் சாட்சியால்லா ஆகுதான்" என்றார் ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர். இன்னொருவர், "நல்லா வாதாடுனீங்கன்னு பேப்பர்ல பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பழைய சுபேதார் ஒருவர் மட்டும் அழுகிற மாதிரி சொன்னார்: "எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு சார். சேர்மத்துரைகிட்ட மன்னிக்கச் சொல்லுங்க." முப்பத்தெட்டுப் பேர் எடுத்தார்கள், முப்பத்தெட்டுப் பேரும் முடியாது என்றார்கள். நான் ஜெயித்த அந்த வாதம், இந்தத் தாலுகாவில் இனி ஒருவரும் ஒருவருக்கும் துப்பாக்கி இரவல் கொடுக்க முடியாமல் செய்துவிட்டது. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறிந்தேன்.

"விடுங்க சார். இருபத்திரண்டு வருஷம் வாசல்ல நின்ன பழக்கம் இருக்கு. கட்டிலப் போட்டு உக்காந்துக்கிடுதேன்" என்றார் சேர்மத்துரை. எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு அபிநயா உள்ளே வந்தாள். பின்னால் நிலா, பள்ளிச் சீருடையில். சேர்மத்துரையைப் பார்த்ததும் அபிநயா தயங்கினாள். சாக்கில் சுற்றிய துப்பாக்கியை இதே மேஜையில் வைத்துவிட்டுப் போன பிறகு அவரோடு அவள் பேசவே இல்லை. இப்போதும் அவரிடம் பேசாமல் என்னிடம்தான் பேசினாள்.

"காலையில மாரிச்செல்வி மதினி பஸ் ஏறி என் கடைக்கு வந்தாவ சார். ஒரு வார்த்தை பேசல. கார்டை நீட்டுனாவ. அவிய கை நடுங்குச்சு. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அண்ணாச்சி கோர்ட்டுல சொன்னதப் பேப்பர்ல போட்டிருந்தான். நானும் படிச்சேன். தோட்டா சிதறும்னு அவிய என்கிட்டயும் சொன்னாவ, அன்னைக்கு என் காதுல ஏறல."

அவள் நிலாவைப் பார்த்தாள். குழந்தை ஜன்னல் பக்கம் போய் நீதிமன்றத்துக் காக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"துப்பாக்கி தேடுதியளாக்கும்?" என்றாள்.

"கிடைக்கலம்மா."

"கிடைச்சு என்ன செய்ய? என் வீட்டுலயும்தான் இருந்துச்சு. அவன் லட்டு குடுத்துட்டுப் போனான்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சாட்சி ஒத்த ஆளா இருந்தாத்தான சார் கொல்லணும்னு தோணும்? ரெண்டு பேரு இருந்தா, ஒருத்தரக் கொன்னு அவனுக்கு என்ன கிடைக்கப் போவுது? நான் பாத்தேன். புளியமரத்தடியில அவன் நின்னான், கையில அந்தக் கருவி இருந்துச்சு. நான் சொல்லுதேன். எழுதுங்க."

"அபிநயா, யோசிச்சுக்கோ. இது பிள்ளை விஷயம்" என்றேன். வக்கீலாக அல்ல, மனுஷனாகத்தான் சொன்னேன்.

"பிள்ளை விஷயம்னுதான் யோசிச்சேன். அன்னைக்கு அண்ணாச்சி கைய மூடியிருந்தா இப்ப பிள்ளையே இல்ல."

சேர்மத்துரை தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அந்தப் பந்தியிலிருந்து எழுந்த நாள் முதல் அவர் சுமந்துகொண்டிருந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தான் செய்தது சரிதான் என்று அந்தப் பெண் ஒருத்தி சொல்லக் கேட்கத்தான் அந்த மனுஷர் காத்திருந்திருக்கிறார்.

கைவிடப்பட்ட சாட்சியை மறுபடியும் விசாரிக்கக் கேட்கும் மனுவை எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உடல்நலக் குறைவால் ஆஜராக முடியவில்லைன்னு இருக்கே?"

"கோர்ட்டுக்கு அப்படித்தாம்மா எழுதுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"எனக்கு ஒரு குறைவும் இல்ல, நல்லாத்தான் இருந்தேன். பயந்துட்டேன். அதையே போடுங்க."

இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ உடல்நலக் குறைவுகளை எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, பயத்தினால் வரவில்லை என்று எழுதினேன். அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதன்முறையாகச் சேர்மத்துரையின் பக்கம் திரும்பினாள்.

"பதினெட்டாம் தேதி கூண்டுல நான் முதல்ல ஏறுதேன் அண்ணாச்சி. நீங்க எனக்குப் பின்னால வாங்க."